கோடையில் ஒரு வாசிப்பு நோன்பு

கோடை விடுமுறை தொடங்கும் நாளில் மாணவர் பலர் மனத்துக்குள் ஓர் உறுதி செய்துகொள்வர். ‘இந்த விடுமுறையில் பத்து நூல்கள் படிப்பேன், இருபது நூல்கள் படிப்பேன்’ என்பது அவ்வுறுதி. அது பள்ளி இட்ட பணி அன்று. அதற்குத் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. தானே விதித்துக்கொண்டு, தானே காக்க வேண்டிய நோன்பு அது. ஆகவே அதைத் தொடங்குவது எளிது. கைவிடுவது அதனினும் எளிது. ஏன் விட்டாய் என்று கேட்பார் யாரும் இல்லை.

அத்தகைய நோன்பு ஒன்றைத் தில்லியில் எட்டாம் வகுப்பு பயிலும் ஒரு மாணவி மேற்கொண்டாள். அவள் தந்தை மைய அரசுப் பணியாளர். பிறந்தது ஓர் ஊர், பள்ளியில் சேர்ந்தது மற்றோர் ஊர், இப்போது பயில்வது தில்லி என்று அவள் வாழ்க்கை அமைந்திருந்தது. வீட்டில் தமிழ் பேசினாள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்தாள். தமிழை விருப்பப் பாடமாக எடுத்திருந்தாலும், வாரத்தில் கிடைத்தவை சில பாடவேளைகளே. எழுத்துகள் எல்லாம் தெரியும். சொற்களைக் கூட்டிப் படிக்கவும் தெரியும். ஆனால், ஒரு தமிழ் நூலை முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை அவள் படித்ததே இல்லை. மன்னார்குடியிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தைக்கூடத் தாய்தான் படித்துக் காட்டுவார். தன் பெயருக்கு வரும் கடிதத்தைப் பிறர் வாயால் கேட்பது அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

அவள் ஒரு குறிப்பேட்டில் நாற்பது கட்டங்கள் வரைந்தாள். மே 11 முதற்கட்டம். ஜூன் 19 இறுதிக் கட்டம். ஜூன் 19 என்பது தேசிய வாசிப்பு நாள். கேரளத்தில் சிற்றூர்தோறும் நூலகம் அமையப் பாடுபட்ட பி. என். பணிக்கர் 1995 ஆம் ஆண்டு மறைந்த நாள் அது. அந்நாளுக்குள் ஐந்து தமிழ் நூல்களைப் படித்து முடிப்பது என்று அவள் முடிவு செய்தாள். இராமகிருஷ்ணபுரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து தந்தை நூல்களைக் கொண்டுவந்து தந்தார். ஐந்துக்கும் சேர்த்து நானூறு பக்கங்கள். நாளொன்றுக்குப் பத்துப் பக்கங்கள் படித்தால் போதும். கணக்கு மிக எளிதாகத் தோன்றியது.

முதல் நாளே கணக்கு பொய்த்தது. இரண்டு பக்கங்கள் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தமிழ் எழுத்துகள் 247 என்பதை அறிந்திருப்பது வேறு. அவை சொற்களாகி வரிசையில் வரும்போது நிற்காமல் படிப்பது வேறு. இந்தியில் ககர வருக்கத்து ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள் உண்டு. தமிழில் க என்னும் ஓர் எழுத்தே இடத்துக்கேற்ப ஒலி மாறும். ‘கல்’ என்பதில் அது வன்மையாக ஒலிக்கும். ‘தங்கம்’ என்பதில் வேறாக ஒலிக்கும். ‘அகம்’ என்பதில் மென்மையாக ஒலிக்கும். எழுத்தைப் பார்த்து ஒலியை முடிவு செய்ய இயலாது. சொல் முழுவதையும் பார்க்க வேண்டும்.

பேச்சும் எழுத்தும் வேறுபடுவது மற்றொரு தடை. ‘வந்துக்கிட்டு இருக்காங்க’ என்று வீட்டில் கேட்டுப் பழகிய காதுக்கு, ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற அச்சுத்தொடர் அயல்மொழிபோல் தோன்றியது. சொற்கள் புணர்ந்து வருவதும் அவளை மயக்கியது. வாழையும் இலையும் சேர்ந்து ‘வாழையிலை’ ஆகும்போது இடையில் வந்த யகரம் எங்கிருந்து வந்தது என்று திகைத்தாள். அகராதியைத் திறந்தால் ‘நின்றது’ என்ற சொல் அங்கே இல்லை. அதை ‘நில்’ என்பதன்கீழ்த் தேட வேண்டும் என்பதை அறியவே ஒரு நாள் ஆயிற்று.

ஏழு நாள் கழிந்தன. எழுபது பக்கங்கள் முடிந்திருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டுப் பக்கங்களே முடிந்திருந்தன. குறிப்பேட்டின் கட்டங்களைப் பார்க்கவே அவளுக்கு மனமில்லை. தன்னுடன் பயிலும் தோழி ஆங்கிலத்தில் மூன்று நூல்கள் முடித்துவிட்டாள் என்ற செய்தியும் வந்து சேர்ந்தது. “தமிழ் எனக்கு வராது போலிருக்கிறது, அப்பா” என்றாள். தந்தை கடிந்துகொள்ளவில்லை. “வராதது தமிழா, நாளுக்குப் பத்துப் பக்கமா? எது என்று முதலில் பார், அம்மா” என்றார்.

எண்ணிக்கை மட்டுமே வாசிப்பின் அளவுகோல் ஆகாது என்பதற்குத் தமிழ் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1880 ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றார் உ. வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா எனப் பல நூல்களைக் கற்றிருந்தார். அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் படித்த நூல்களின் நீண்ட பட்டியலை எடுத்துரைத்தார். முதலியார் அதில் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணி முதலிய பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சாமிநாதையர் அவற்றைப் படித்திருக்கவில்லை.

அந்த ஒரு வினா அவருக்கு அறைகூவலாயிற்று. சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார். அதுவரை கற்றவை அந்நூலைப் புரிந்துகொள்ளப் போதவில்லை. சமண சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். ஏடுகளைத் தேடினார், ஒப்பிட்டார், மீண்டும் மீண்டும் படித்தார். 1887 ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி அவரால் அச்சேறியது. அதனைத் தொடர்ந்து பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் அச்சு வடிவம் பெற்றன. நீண்ட பட்டியல் செய்யாததை, விளங்காத ஒரு நூலை விடாமல் படித்த உழைப்பு செய்தது.

பேரறிஞரின் உழைப்புக்கும் பள்ளி மாணவியின் முயற்சிக்கும் தொலைவு மிகுதி. ஆயினும் இரண்டிலும் உள்ள உண்மை ஒன்றே. முன்பு எந்த இடத்தில் நின்றோமோ, அந்த இடத்தைக் கடந்து ஓர் அடி வைப்பதே வாசிப்பு. தந்தை இவ்வரலாற்றைச் சொல்லக் கேட்ட மாணவி, எட்டாம் நாள் தன் நோன்பின் விதிகளை மாற்றினாள். பக்கக் கணக்கை விட்டாள். நேரக் கணக்கை ஏற்றாள். நாள்தோறும் மாலை ஐந்து மணி முதல் ஐந்தரை வரை நூல் கையில் இருக்கும். அரைப் பக்கம் படித்தாலும் அது அன்றைய கடமை நிறைவேறியதாகும்.

நூலையும் மாற்றினாள். முதலில் எடுத்தது ஓர் அறிஞரின் வரலாறு. நெடிய தொடர்களால் ஆனது. நல்ல நூல்தான்; ஆனால் அவள் நிலைக்கு உரியதன்று. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல் உண்டு என்பது, சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் எஸ். ஆர். அரங்கநாதன் 1931 ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்றின் கருத்து. எளிய நூலுக்கு இறங்குவது தோல்வியன்று. படி ஏறுவதற்குக் கீழ்ப்படியில் கால் வைப்பதாகும். அவள் தொண்ணூற்றாறு பக்கங்கள் கொண்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு ஒன்றை எடுத்தாள்.

அவ்வேளையில் மன்னார்குடியில் பாட்டிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. புதிய கண்ணாடி வரும் வரை கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் கூறியிருந்தார். நாள்தோறும் ஏதேனும் படித்தே பழகிய பாட்டிக்குப் பகற்பொழுது நீண்டது. மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் நலம் விசாரித்த பேத்தி, கையில் இருந்த கதையை அப்படியே படித்துக் காட்டினாள். மறுநாள் ஐந்து மணிக்குப் பாட்டியே அழைத்தார். “நேற்று நிறுத்திய இடத்திலிருந்து படி, கண்ணு. அப்புறம் என்ன ஆயிற்று?” என்றார்.

அன்று முதல் அவள் வாசிப்பு வேறுபட்டது. தனியாகப் படிக்கும்போது விளங்காத சொல்லைத் தாண்டிப் போகலாம். கேட்பவர் ஒருவர் இருக்கும்போது அது இயலாது. அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தபோது பாட்டி இடைமறித்தார். “ஓடியது யார்? புலியா, ஆடா?” என்று கேட்டார். மாணவிக்கே விடை தெரியவில்லை. சொற்களைப் படித்திருந்தாளே தவிர, தொடரைப் படிக்கவில்லை. தமிழ்த்தொடரில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வரும். செயலைச் செய்தவர் ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா என்பதை அதுவே காட்டும். ஆகவே, தொடரின் முடிவு வரை கண்ணை ஓடவிட்டு, பிறகு வாய்விட்டுப் படிக்கக் கற்றாள். ழகரம் பிறழ்ந்தபோதெல்லாம் பாட்டி அச்சொல்லைத் தாமே ஒருமுறை மெல்லச் சொல்வார், திருத்தம் அவ்வளவே.

ஒரு கதையைக் கேட்டு முடித்ததும் பாட்டி சிரித்தார். “எங்கள் ஊரில் இந்தக் கதைக்கு முடிவு வேறு” என்று தாம் சிறுவயதில் கேட்ட முடிவைக் கூறினார். மாணவி அதைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தாள். அவள் தமிழில் தானாக எழுதிய முதல் பக்கம் அதுதான்.

ஜூன் 5 அன்று பாட்டிக்குக் கண்ணாடி வந்தது. “இனி நானே படித்துக்கொள்வேன், கண்ணு. உனக்குச் சிரமம் வேண்டாம்” என்றார். உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்கியது. அதுவரை அவளுக்காக ஒருவர் காத்திருந்தார். இனிக் காத்திருப்பார் இல்லை. தொகுப்பில் இருபத்தாறு பக்கங்கள் எஞ்சியிருந்தன. மறுநாள் ஐந்து மணி அடித்தது, தொலைபேசி ஒலிக்கவில்லை. வெளியே அனற்காற்று வீசியது. அறையில் குளிரூட்டும் பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் சிறிது நேரம் சும்மா இருந்தாள். பிறகு நூலைத் திறந்தாள். இரண்டு பக்கங்கள் முடிந்த பின்னரே ஒன்றைக் கவனித்தாள்: அவள் உதடுகள் அசையவில்லை. முதன்முறையாகத் தமிழை அவள் மௌனமாகப் படித்திருந்தாள்.

ஜூன் 11 அன்று அத்தொகுப்பு முடிந்தது. அடுத்துப் பறவைகளைப் பற்றிய நூலை எடுத்தாள். ஜூன் 19 அன்று அந்நூலின் முப்பத்தேழாம் பக்கத்தில் இருந்தாள். ஐந்து நூல்கள் என்று தொடங்கிய நோன்பில் முழுமையாக முடிந்தது ஒரே நூல். நானூறு பக்கங்களுக்கு நூற்று ஐம்பத்தொரு பக்கங்களே தேறின. காய்ச்சல் வந்த இரண்டு நாள்களின் கட்டங்களில் வெறுங்கோடு மட்டும் இருந்தது. அவள் எதையும் கூட்டி எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

எண்களை மட்டும் காண்போர் இதனைத் தோல்வி என்பர். ஆனால், ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கங்கள் படித்தவள், அரை மணி நேரத்தில் நான்கைந்து பக்கங்கள் படிக்கலானாள். விளங்காத சொல் வந்தால் நூலை மூடியவள், அதன் வேர்ச்சொல்லைத் தேடலானாள். பள்ளி திறந்த சில நாள்களில் பாட்டியின் கடிதம் வந்தது. புதிய கண்ணாடி அணிந்து எழுதிய கடிதம். கையெழுத்து அச்செழுத்தைப்போல் எளிதன்று. இரண்டு இடங்களில் மட்டும் தாயிடம் கேட்டு, மற்ற அனைத்தையும் அவளே படித்தாள்.

தமிழ் வழங்கும் ஊரில் கடைப்பலகையும், பேருந்தின் பெயரும், சுவரொட்டியும் நாள்தோறும் மாணவருக்கு எழுத்துப் பயிற்சி தருகின்றன. வெளிமாநிலத்தில் வாழும் மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே தமிழ் கண்ணில் படுவது, கையில் நூலை எடுக்கும்போதுதான். ஆதலால் நாளொன்றுக்கு அரை மணி நேரமே அவர்களுக்குத் தெருவும் கடைத்தெருவும் ஆகிறது. நோன்பு சிறியதாக இருக்கலாம். நூல் எளியதாக இருக்கலாம். தானே விதித்ததைத் தானே காத்தவர்க்கு, அடுத்த நூலைத் திறக்கும் துணிவு உறுதியாகக் கிடைக்கும்.

சிந்தித்து விடை எழுதுக

1. மாணவி முதலில் வகுத்த கணக்கு பொய்த்ததற்கு உரிய காரணங்கள் யாவை?
2. “வராதது தமிழா, நாளுக்குப் பத்துப் பக்கமா?” என்ற தந்தையின் வினா மாணவியிடம் விளைவித்த மாற்றத்தை எழுதுக.
3. பாட்டிக்குக் கண்ணாடி வந்த பிறகே உண்மையான சோதனை தொடங்கியது என ஆசிரியர் கூறுவது ஏன்?
4. வீட்டில் உள்ள பெரியோர் ஒருவருக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டி, அவர் கூறும் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.