புலிக் காட்டில் ஒரு கையெழுத்து வேட்டை!

களக்காடுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தலையணைக் குளியல், செங்கல்தேரி ட்ரிப், அப்புறம்... புலி! கரெக்ட். 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமா ஆனது களக்காடு-முண்டந்துறைதான். ஆனா, நான் அங்கே தேடிப் போனது பேப்பர்ல இருக்கிற புலியை!

'முள்ளும் மலரும்' (1978) பார்த்திருப்பீங்க. அதுல ரஜினியோட கை லாரி ஏறிப் போகும். நாவல்ல அந்தக் கையைப் பறிக்கிறது புலி! எழுதின உமாசந்திரன் நம்ம நெல்லைச் சீமை, முன்னீர்பள்ளத்துக்காரர். 'கல்கி' வெள்ளி விழா நாவல் போட்டியில பரிசு வாங்கின கதை அது.

க்ளாசிக் படமான நாவல்களை எழுத்தாளர் கையெழுத்தோட சேர்க்கிறதுதான் நமக்கு ஹாபி. லேசுப்பட்ட வேலை இல்லீங்க. 'உதிரிப்பூக்கள்' வந்தது 1979-ல். அதுக்கு மூலமான 'சிற்றன்னை'யை எழுதின புதுமைப்பித்தன் 1948-லயே போயிட்டார். அதனால, அதுக்கப்புறம் அச்சான பதிப்புல அவர் 'கையெழுத்து'ன்னு யாராவது நீட்டினா, திரும்பிப் பார்க்காம நடையைக் கட்டுங்க!

களக்காட்டுல ஒரு பழைய பேப்பர் கடை. ப்ளஸ் டூ கைடுகளுக்கு அடியில ஒரு பைண்டிங் புத்தகம். அந்தக் காலத்துல வாரப் பத்திரிகைத் தொடரை வாராவாரம் கிழிச்சு வெச்சு, படங்களோட தைச்சு வெப்பாங்களே, அது. திறந்தா... 'முள்ளும் மலரும்'! முதல் பக்கத்துல மை பேனாவால 'உமா'ன்னு ஒரு கையெழுத்து. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது.

கடைக்கார அண்ணாச்சி சிரிச்சார். "எய்யா, நான் எடைக்குத்தான் போடுதேன். கையெழுத்துக்குத் தனி ரேட்டெல்லாம் கெடையாது."

சேரன்மகாதேவி தாண்டினதும் பஸ்ல கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அதே மை, அதே எழுத்து. 'கல்யாணமாகிக் களக்காடு வந்தபோது கொண்டு வந்தது. யாரும் இரவல் கேட்க வேண்டாம்.' போச்சு! இது எழுத்தாளர் இல்ல, ஏதோ ஒரு வீட்டு உமா!

பக்கத்துல இருந்த நண்பன் விடல. "லே, பக்கத்துல 'சந்திரன்'னு சேர்த்து எழுதிருலே. ரெண்டாயிரம் ரூவாய்க்கு வித்துரலாம். யாருக்குத் தெரியும்?"

செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம் அது. பொய் சொல்லல, பேனாவைக் கையில எடுத்துட்டேன். பத்தமடை வந்துச்சு, போச்சு. எழுத முடியல. ஒரு பொண்ணு வாராவாரம் கிழிச்சு, தைச்சு, புகுந்த வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த புத்தகம். இரவல் கூடத் தர மனசில்லாதவங்க பேரை நான் திருத்துறதா? பேனாவை மூடிட்டேன்.

உங்களுக்கு ரெண்டே ரெண்டு விஷயம். ஒண்ணு, பாட்டி வீட்டுப் பரண் புத்தகங்களை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்க. ரெண்டு, கையெழுத்து வேணும்னா எழுதினவங்க இருக்கும்போதே நேர்ல போய் வாங்குங்க. 1982-ல் வந்த பூமணியோட 'வெக்கை'தான் 2019-ல் 'அசுரன்' ஆச்சு. அவர் ஊர்ப்பக்கம் கோவில்பட்டி, நெல்லையிலேர்ந்து பஸ் ஏறினா போயிடலாம்.

என் பையில 'வெக்கை' ரெடி. 'உமா' புத்தகம் மட்டும் இரவல் கிடையாது, ஸாரி!