தொடு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். காலை பஸ்ஸில் பாதிப் பேர் கோர்ட்டுக்குப் போகிறவர்கள். விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மஞ்சப்பை நிறையக் காகிதம். அவர்கள் பேச்சில் "கேஸ் போட்டிருக்கேன்". வக்கீல் குமாஸ்தா வாயில் மட்டும் "வழக்குத் தொடுத்திருக்கு". பக்கத்து சீட்டில் அத்தை மடியில் மல்லிகையைக் கொட்டித் தொடுத்துக்கொண்டு வருவாள்.

பூவுக்கும் வழக்குக்கும் ஒரே வினை. அம்புக்கும் அதே. நாணில் பொருத்துவதும் தொடுப்பதுதான், நாரில் பொருத்துவதும் தொடுப்பதுதான். வழக்கு அம்பின் வழியே வந்திருக்கும் என்பது என் ஊகம். விட்ட அம்பைத் திருப்ப முடியாது. வழக்கை வாபஸ் வாங்கலாம். அந்த பஸ்ஸில் அப்படி வாங்கியவரை நான் கண்டதில்லை.

வில்லிபுத்தூரே அம்பில் தொடங்கிய ஊர். தம்பி கண்டனைப் புலி கொன்றபின், வேடன் வில்லி காடு திருத்திக் கட்டினான் என்பது தலபுராணம். பிறகு வந்த பெரியாழ்வார் அங்கே பூத்தொடுத்தார். மகள் ஆண்டாள் திருப்பாவையில் 30, நாச்சியார் திருமொழியில் 143 பாட்டுத் தொடுத்தாள். எதுகை மோனைக்கு இலக்கணம் வைத்த பெயர் 'தொடை'. மாலைக்கும் அதே பெயர்.

அத்தை மில்லில் சைடர், நூற்பு இயந்திரத்தைக் கவனிப்பவள். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பிறகு, எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்காவது ஷிப்டு உண்டு. அறுந்த இழையின் நுனியை ரோலரிலிருந்து வரும் பஞ்சோடு அவள் ஒட்டவிடுவாள். முடிச்சுக் கிடையாது, முறுக்கே பிடித்துக்கொள்ளும். பூவில் வேறு கணக்கு. இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு, நனைத்த வாழைநாரில் ஒரு சுற்று, விரலில் ஒரு வளையம், காம்பில் மாட்டி ஓர் இழுப்பு. இறுக்கினால் காம்பு அறும், விட்டால் உதிரும்.

"மில்லுல தொடுக்கிறதும் இப்படித்தானா அத்தை?"

"அது சேக்கிறதுடா. சேத்தா எது எதுன்னு தெரியாது. தொடுத்தா ஒவ்வொரு பூவையும் எண்ணலாம்ல."

எதிர்வீட்டு ராஜு குடும்பத்துப் பாட்டி பேரனை "சொக்கா தொடுக்கோ" என்று அதட்டுவார். சட்டையை யாராவது தொடுப்பார்களா என்று சிரிப்போம். தெலுங்கில் அதற்கு 'போட்டுக்கொள்' என்று பொருள். பழந்தமிழிலும் செருப்புக்குத் 'தொடுதோல்' என்றே பெயர். கட்டுவதும் அணிவதும் ஒரே வேராக இருக்கலாம். ஆண்டாள் செய்ததும் அதுதானே? தொடுத்த மாலையைப் பெருமாளுக்கு முன் தான் சூடிப்பார்த்தாள். இன்றும் அவள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் மதுரைக்கு அழகருக்கும், புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது.

அந்தக் கதையைக் கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் காவியமாக எழுதினார். தலைப்பு மட்டும் சமஸ்கிருதம்: ஆமுக்தமால்யதா, அணிந்த மாலையைத் தந்தவள். 'தொடு' கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் விட்டுவிட்டாரே என்று ராயர் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.