அக்மாத்தில் ஒரு மன்னன்

கோர்டோபாக் கிலாபத் 1031 இல் குலைந்தபின் முஸ்லிம் ஸ்பெயின் சிற்றரசுகளாகச் சிதறியது. அவற்றுள் வலிமை மிக்கது செவில். 1069 இல் அதன் அரியணையேறிய அல்முஃதமித் சிறந்த கவிஞன். அவனது அவை புலவர்களின் புகலிடமாய் விளங்கிற்று. ஆயினும், இளமைத் தோழனும் அமைச்சனுமாகிய புலவன் இப்னு அம்மார் துரோகமிழைத்தபோது, அவனைத் தன் கையாலேயே கொன்றவனும் இம்மன்னனே. கவியுள்ளம் அரசியலில் எத்துணை தூரம் செல்லும் என்பதற்கு இஃதொரு கசப்பான சான்று.

சிற்றரசர் ஒருவரோடொருவர் பொருதுகொண்டே காஸ்தீலிய மன்னன் ஆறாம் அல்போன்சோவுக்குத் திறை செலுத்திவந்தனர். அத்திறையே அவனது படையை வளர்த்தது. 1085 இல் தொலேதோ அவன் வசமாயிற்று. அதன்பின்னரே முஃதமித் ஏனைய சிற்றரசர் சிலருடன் சேர்ந்து, மொறோக்கோவை ஆண்ட முறாபித் தலைவன் யூசுப் இப்னு தாஷுபீனை உதவிக்கு அழைத்தான். வந்தவன் திரும்பிப் போவானா என்று மகன் ஐயுற்றபோது, காஸ்தீலில் பன்றி மேய்ப்பதினும் ஆபிரிக்காவில் ஒட்டகம் மேய்ப்பதே மேல் என அவன் விடையிறுத்ததாகக் கூறுவர். வீரம் ததும்பும் விடைதான்; ஆனால் மேய்ப்பவனாகவே முடிய நேரும் என்பதை அவன் அறிந்தேயிருந்தான் போலும்.

1086 ஒக்டோபரில் சல்லாக்காப் போரில் அல்போன்சோ முறியடிக்கப்பட்டான். முஃதமித் முன்னின்று பொருது காயமுற்றான். யூசுப் நாடு திரும்பினான். எனினும் சிற்றரசர்தம் பூசல் ஓயவில்லை. மார்க்கம் அனுமதியாத வரிகளை அவர்கள் விதித்தனர் எனச் சட்டவறிஞர் குற்றஞ்சாட்டினர். பொதுமக்களின் மனமும் யூசுப்பின் பக்கமே சாய்ந்தது. 1090 இல் கிரனாடாவும் 1091 இல் செவிலும் அவன் கைப்பட்டன. இறுதி நேரத்தில் முஃதமித் அல்போன்சோவிடமே உதவி வேண்டினான் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அனுப்பப்பட்ட படையும் வழியிலேயே தோற்றது.

மன்னனும் குடும்பத்தினரும் கப்பலேற்றப்பட்டபோது ஆற்றங்கரையில் மக்கள் கதறியழுததை அவைப்புலவன் இப்னுல் லப்பானா பாடியுள்ளான். மறாக்கேஷுக்கு அண்மையிலுள்ள அக்மாத்தில் விலங்கு பூண்டிருந்த முஃதமித்தின் பாடல்களே அவனுக்கு நிலைத்த புகழை ஈட்டின. அரசவைக் காலத்துக் காதற் பாடல்களிற் காணப்படும் அணிநயம் இவற்றிலும் உண்டு. ஆயின் இங்கே அது துயரைத் தாங்கி நிற்கிறது. பெருநாளன்று கந்தலுடுத்து வெறுங்காலுடன் வந்த புதல்வியர், கூலிக்கு நூல் நூற்றுப் பிழைப்பதைக் கண்டு அவன் பாடியது அவற்றுள் தலையாயது.

1095 இல் அவன் மறைந்தான். அரசி இஃதிமாத் சிறிது காலம் முன்னரே மறைந்திருந்தாள். அவனது ஜனாஸாத் தொழுகைக்கு ஊராரை அழைத்தவர்கள், அந்நியன் ஒருவனுக்கான தொழுகை என்றே அறிவித்தனராம்.