மதுரை: வருவோருக்கு வாய்ப்பதும் வாட்டுவதும்

மதுரை நகரம் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தது. நடுவில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதையடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். கீழமாசி, மேலமாசி என்று ஊர்க்காரர்கள் திசையைச் சேர்த்தே சொல்வார்கள். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் திருத்தி அமைக்கப்பட்ட இந்த வீதிகளில் வெளி வீதி மட்டும் பிற்காலத்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தபோது அது பிறந்தது. அந்தப் பணியில் ஈடுபட்ட பெருமாள் மேஸ்திரியின் பெயர் இன்றும் மூன்று நான்கு தெருக்களில் இருக்கிறது. பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குத்தூண் ஒரு பேட்டைக்கே பெயராகிவிட்டது. வெளியூரிலிருந்து வருபவர் காண விரும்புவதில் பெரும்பகுதி இந்தச் சதுரத்துக்குள் இருக்கிறது. அவர் படும் அவதியில் பெரும்பகுதியும் இதற்குள்தான். சப்பரமும் தேரும் மாட்டு வண்டியும் போவதற்கு வகுத்த வீதிகளில் இப்போது ஒரு மாநகரத்தின் மொத்த வணிகமும் நடக்கிறது.

வந்து இறங்குவதில் ரயிலுக்கு இணை இல்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மேல வெளி வீதி. டவுன்ஹால் ரோட்டில் நேராக நடந்தால் கால் மணி நேரத்தில் மேலக் கோபுரம் தெரிந்துவிடும். பஸ்ஸில் வருபவருக்கு அப்படி இல்லை. சென்னை, திருச்சி, திருநெல்வேலி, ராமேசுவரம் பஸ்கள் வடகிழக்கே மாட்டுத்தாவணியில் நிற்கும். கோவை, திண்டுக்கல், தேனி பஸ்கள் வைகைக் கரையில் ஆரப்பாளையத்தில். கோவையிலிருந்து வந்து ராமேசுவரம் போகிறவர் மூட்டை முடிச்சோடு ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு டவுன் பஸ் ஏறியாக வேண்டும். கோயிலுக்குப் பக்கமாக இருப்பது பெரியார் பஸ் நிலையம், அதுவோ டவுன் பஸ்களுக்கானது. ஆட்டோவில் மீட்டரை எதிர்பார்க்க முடியாது. ஏறும் முன்பே வாடகையைப் பேசி முடிப்பதுதான் வழக்கம். வழி கேட்டால் மட்டும் யாரும் சலித்துக்கொள்வதில்லை. 'இங்குட்டுக் கூடிப் போங்கண்ணே' என்று கடையை விட்டு இறங்கி வந்து கை காட்டுவார்கள்.

கோயிலுக்கு நேரம் பார்த்துப் போக வேண்டும். பகல் பன்னிரண்டரை மணிவாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நான்காகும். கொடைக்கானலிலிருந்தோ ராமேசுவரத்திலிருந்தோ சுற்றுலா வண்டியில் உச்சிவேளைக்கு வந்து சேரும் கூட்டம் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு துள்ளுவது அன்றாடக் காட்சி. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கிழக்கு வாசல் பக்கம் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் பற்றிய தீக்குப் பிறகு காவல் கூடியது. செல்போனுக்கு உள்ளே இடமில்லை. போன், பை, செருப்பு என்று ஒவ்வொன்றையும் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி, சோதனையும் முடிந்து உள்ளே போவதற்குள் குழந்தைகளோடு வந்தவர்கள் களைத்துவிடுவார்கள்.

ஆனால் செல்போன் இல்லாத கோயில் கண்ணுக்கு நல்லது. படம் பிடிக்க யாரும் வழிமறிப்பதில்லை. தலை நிமிர்ந்து விதானத்தைப் பார்க்க முடிகிறது. பதினான்கு கோபுரங்களில் உயரமான தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி. பொற்றாமரைக் குளத்தின் வடகரைப் படியில் உட்கார்ந்தால் அது முழுசாகத் தெரியும். அரியநாத முதலியார் 1569இல் எழுப்பிய ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. இதே கோயிலுக்குள் 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு நுழைந்தார்; தீண்டாமையின் பெயரால் அடைத்துக் கிடந்த வாசல் அன்று திறந்தது. ஒரே ஒரு வேளைதான் வாய்க்கும் என்றால் இரவைத் தேர்ந்தெடுக்கலாம். பள்ளியறை பூஜைக்காகச் சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளும். பகல் முழுதும் முண்டியடித்த கூட்டம் கலைந்து, ஓதுவார் பாட்டும் நாகஸ்வரமும் சாம்பிராணிப் புகையுமாக இருக்கும் அந்த நேரத்துக்காகவே தங்கிப் போகிறவர்கள் உண்டு.

வெயில் வேளைக்குத் திருமலை நாயக்கர் மகால் பொருத்தம். 1636இல் கட்டியதில் இப்போது எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பலவற்றைப் பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சத்தை 1860களில் நேப்பியர் பிரபு பழுது பார்த்தார். சுண்ணாம்புச் சாந்து பூசிய அந்தப் பெருந்தூண்கள் தொட்டால் வழுவழுவென்று குளிரும். அதே தூண்களில் கை எட்டும் உயரம் வரை வந்து போனவர்கள் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் கீறி வைத்திருக்கிறார்கள். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் தொடங்கிய காந்தி அருங்காட்சியகம் அமைதியானது. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. அவர் அரையாடைக்கு மாறியதும் 1921 செப்டம்பரில் இதே ஊரின் மேலமாசி வீதியில்தான்.

சாயங்காலம் ஆனதும் ஊர் வேறு முகம் காட்டும். தூங்கா நகரம் என்ற பெயருக்குச் சாப்பாட்டுக் கடைகளே சாட்சி. இட்லிக்கு நாலைந்து சட்னி, முள்ளுமுருங்கை அடை, பருத்திப்பால், கோலா உருண்டை, கறிதோசை, பன் பரோட்டா. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா போடும் கையைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி டம்ளரில் ஊறிய பாதாம் பிசின் ஒரு கரண்டி, மேலே நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், கடைசியில் கடையிலேயே செய்த பழுப்பு நிற ஐஸ்கிரீம். நாலும் சேர அரை நிமிடம்கூட ஆகாது. நின்றபடியே குடித்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். கடைக்கும் சாலைக்கும் நடுவே நடைபாதை என்று ஒன்று இருப்பதில்லை, இருந்தால் அதில் பைக் நிற்கும்.

குறையில் பெருங்குறை குப்பை. 2017இல் மீனாட்சி கோயில் நாட்டிலேயே தூய்மையான புகழ்பெற்ற தலம் என்று மத்திய அரசின் விருது பெற்றது. 2025இல் வெளியான தூய்மைக் கணக்கெடுப்பில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களின் வரிசையில் மதுரைக்குக் கடைசி இடம். கோயிலிலிருந்து மாசி வீதி வரை நடந்து பார்ப்பவருக்கு இரண்டு செய்தியும் முரணாகத் தோன்றாது. சித்திரை வீதியில் வண்டிகளுக்குத் தடை, கல் பாவியிருக்கிறது, கூட்டிப் பெருக்க ஆட்கள் இருக்கிறார்கள். கீழமாசி வீதிக்கு வந்தால் மளிகை மண்டிகளின் மூட்டை லாரிகள், தள்ளுவண்டிகள், மழை பெய்தால் சாக்கடை.

வைகையைப் பார்க்க வருபவர் வருஷத்தில் பாதி நாள் மணலையும் நாணலையும்தான் பார்ப்பார். 1959இல் அணை வந்த பிறகு தண்ணீர் திறப்பதும் நிறுத்துவதும் பாசனக் கணக்கைப் பொறுத்தது. சித்ரா பௌர்ணமிக்கு அழகர்கோயில் பெருமாளான அழகர் ஆற்றில் இறங்கும்போது மட்டும் ஆறு மறுபடி ஆறாகிறது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு இணைத்தார் என்பது வழிவழிச் செய்தி. தேர் இன்றைக்கும் சித்திரை மாதத்தில் மாசி வீதியில்தான் ஓடுகிறது. லட்சக்கணக்கில் மக்கள் திரளும் அந்த விடியலுக்கு ஈடு சொல்ல முடியாது. நெரிசலும் அப்படியே. 2022இல் அழகர் ஆற்றில் இறங்கியபோது இருவர் இறந்தனர். முதியோர் முந்தைய நாள் தல்லாகுளம் பக்கம் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பார்த்துவிட்டு ஒதுங்குவது நல்லது.

நகரம் திணறடித்தால் சுற்றியுள்ள சமவெளி ஆறுதல் தரும். மேற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலை; தாமரைக்குளத்து ஓரம் படியேறினால் செட்டிப்புடவுச் சிற்பங்கள். கிழக்கே யானைமலையும் நரசிங்கம் குடைவரையும். வடக்கே அழகர்கோயில். தென்கிழக்கே சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டுச் சாயலில் கட்டிய கூடங்களில் பானை ஓடுகளும் மணிகளும் தாயக்கட்டைகளும் இருக்கின்றன. பஸ் எல்லாவற்றுக்கும் உண்டு, திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு. விடியுமுன் போகாதவர்கள் முதுகுகளைத்தான் பார்ப்பார்கள்.

எந்த மாதம் வருவது என்பதிலும் ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பெற முடியும். மார்கழி, தையில் வெயில் தணிந்திருக்கும், நடக்கலாம். ஆனால் பனியில் மல்லி வரத்துக் குறைந்து, முகூர்த்த நாளானால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். சித்திரை, வைகாசியில் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பூ கூடை கூடையாக வந்து இறங்குகிறது. அப்போது வெயில் நாற்பது டிகிரி, லாட்ஜில் அறை கிடைக்காது.