டிஸ்க் பிரேக் மிதிவண்டியும் பின்கேரியரும்: ஒரு பட்டறை வேலையின் நுட்பம்

பால் கேன், வாழையிலைக் கட்டு, நெல்மூட்டை, பள்ளிக்குப் போகும் பிள்ளை என எல்லாவற்றையும் சுமந்த பழைய 28 அங்குலச் சக்கர மிதிவண்டியில் பின்கேரியர் பொருத்துவது தனித்த வேலையாகவே கருதப்பட்டதில்லை. கேரியரின் இரு கால்களையும் பின்னச்சின் நட்டுகளுக்கு அடியில் செருகி, முன்பட்டையை இருக்கைக்குக் கீழுள்ள போல்ட்டோடு சேர்த்து முடுக்கினால் வேலை முடிந்துவிடும். பிரேக் கட்டைகள் சக்கரத்தின் வெளிவளையமாகிய ரிம்மைப் பிடித்தமையால், அச்சின் அருகே கேரியர் காலுக்கு இடைஞ்சலாக எந்த உறுப்பும் இருக்கவில்லை. 1949இல் சென்னையில் தொடங்கப்பட்ட டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைப் பிரித்துப் பூட்டி வளர்ந்த சைக்கிள் கடைத் தொழிலாளர்களின் கைப்பழக்கம் இந்த அமைப்பிலேயே உருவானது.

டிஸ்க் பிரேக் அந்தக் கைப்பழக்கத்தை மாற்றச் சொல்கிறது. இந்த அமைப்பில் பின்சக்கர ஹப்பின் இடப்புறத்தில், பெரும்பாலும் 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று பூட்டப்பட்டிருக்கிறது. அத்தட்டை இருபுறமிருந்தும் பிடித்து நிறுத்தும் காலிப்பர் என்னும் கவ்வி பிரேமின் பின்பகுதியில் அமர்கிறது. கியர் வண்டிகள் என்று கடைகளில் அழைக்கப்படும் மலைப்பாதை வகை வண்டிகள் பெரும்பாலும் கேரியர் இல்லாமலேயே விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கும் மாணவர்களும், வேலைக்குச் செல்வோரும், வீடுவீடாகப் பொருள் கொண்டுசேர்ப்போரும் சில வாரங்களில் கேரியர் கேட்டுக் கடைக்குத் திரும்புகின்றனர். கடைவாசலில் நடைபாதையை ஒட்டி அமர்ந்து வேலை செய்யும் தொழிலாளி சாதாரணக் கேரியரை வண்டியின் மேல் வைத்துப் பார்க்கும் அந்தக் கணத்திலேயே சிக்கல் வெளிப்பட்டுவிடுகிறது: வலக்கால் தன் இடத்தில் சரியாக அமர, இடக்கால் காலிப்பரின் மேல் முட்டி நிற்கிறது.

இந்த முட்டல் எல்லா வண்டியிலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், அனுபவமுள்ள தொழிலாளி முதலில் ஸ்பானரை எடுப்பதில்லை. குனிந்து காலிப்பர் எங்கே அமர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். இருக்கைக்குக் கீழிருந்து பின்னச்சுக்குச் சரிந்து இறங்கும் மேல்தாங்கு குழாயின் பின்புறத்தில் காலிப்பர் பூட்டப்பட்டிருந்தால், கேரியரின் கால் இறங்க வேண்டிய பாதையிலேயே அது நிற்கிறது. 51 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு துளைகளில் அச்சுக்கு இணையாகப் போல்ட் நுழையும் பழைய ஐ.எஸ். வகைப் பூட்டுமுறையில் காலிப்பர் பெரும்பாலும் இவ்வாறே அமைந்து, வெளிப்புறமாகவும் துருத்திக்கொண்டிருக்கும். மாறாக, பெடல் அச்சிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் கீழ்தாங்கு குழாயின் மேல், இரு குழாய்களுக்கும் இடைப்பட்ட முக்கோணத்துக்குள் காலிப்பர் அடங்கியிருந்தால், கேரியரின் கால் அதன் பின்னால் தடையின்றி இறங்கும். வண்டியை வடிவமைத்தவர் காலிப்பரை எங்கே வைத்தார் என்பதே தொழிலாளிக்கு அரைமணி நேர வேலையா அரைநாள் வேலையா என்பதைத் தீர்மானிக்கிறது.

முட்டல் இருக்கும் வண்டியில் பரவலாகக் கையாளப்படும் வழி, கேரியரின் காலுக்கும் பிரேமுக்கும் இடையே புஷ் வைத்துக் காலை வெளியே தள்ளுவதாகும். புஷ் என்பது நடுவில் துளையுள்ள குட்டையான உலோக உருளை. காலிப்பரின் துருத்தலுக்கேற்ப 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை நீளம் தேவைப்படும்போது, அருகிலுள்ள லேத் பட்டறையில் அலுமினியத் தண்டைக் கடைந்து வாங்கி வருகின்றனர். அவசரத்தில் சிலர் ஐந்தாறு வாஷர்களை அடுக்கி இடைவெளியை நிரப்புவதும் உண்டு. இது தவறான வேலை என்பதை ஐயமின்றிச் சொல்ல வேண்டும். கேரியரின் சுமை, அதன் கால் பூட்டப்படும் பிரேமின் மரைத்துளையிலிருந்து எவ்வளவு விலகி இறங்குகிறதோ அந்த அளவுக்குப் போல்ட்டின்மேல் வளைவிசை கூடுகிறது. 10 மில்லிமீட்டர் 20 ஆனால் அவ்விசை இரட்டிப்பாகிறது. முகங்கள் சமமாகக் கடையப்பட்ட, சுவர் தடித்த புஷ் இறுக முடுக்கப்படும்போது பிரேமோடு ஒட்டிய ஒரே உடலாக நின்று அவ்விசையில் பெரும்பங்கைத் தானே ஏற்றுக்கொள்கிறது. வாஷர் அடுக்கோ அதிர்வில் ஒன்றின்மேல் ஒன்று நழுவித் தளர, முழு வளைவும் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றைப் போல்ட்டின்மேல் விழுந்து, நாளடைவில் அதை மரையின் விளிம்பில் அறுத்துவிடுகிறது. அறுந்த துண்டு பிரேமின் துளைக்குள்ளேயே சிக்கிக்கொண்டால், அதை வெளியே எடுப்பது கேரியர் பொருத்துவதைவிடப் பல மடங்கு கடினமான வேலை.

புஷ் வைத்தபின் போல்ட்டின் நீளம் கணக்கிடப்படுகிறது. மரையுள்ள துளைக்குள் போல்ட் தன் தடிப்பின் அளவுக்கேனும் நுழைந்து பிடிக்க வேண்டும். ஆனால் துளையைக் கடந்து மறுபுறம் நீண்டாலும் ஆபத்துதான். வலப்புறத்தில் அந்த முனை, செயின் கடைசிச் சிறிய பல்சக்கரத்தில் ஓடும்போது அதில் உரசும்; இடப்புறத்தில் டிஸ்க் தட்டை நெருங்கும். ஆகவே தேர்ந்த தொழிலாளர் போல்ட்டை முடுக்குமுன் செயினைச் சிறிய பல்லுக்கு மாற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மிஞ்சிய முனையை ரம்பத்தால் அறுத்து அரத்தால் மழுக்கிய பின்னரே வேலையை முடிக்கின்றனர். இடப்புறத்துக்கு வைத்த புஷ்ஷின் அளவையே வலப்புறத்துக்கும் வைத்தால்தான் கேரியர் நடுக்கோட்டில் நிற்கும்.

கேரியரின் காலையே வளைத்துக் காலிப்பரைச் சுற்றிப் போகவைப்பது மற்றொரு வழி. இரும்புப் பட்டைக் கேரியர்களில் இது பழைய பட்டறைத் திறன். சூடேற்றி வளைத்து மீண்டும் வண்ணம் பூசிவிடலாம். கடினப்படுத்தப்பட்ட அலுமினியக் கம்பியில் இதே முறை பயன்படாது. வளைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, சுமையேறும்போது நாளடைவில் கால் முறிந்துவிடக்கூடும். டிஸ்க் பிரேக்குக்கென்றே கால்கள் அகலமாகவோ வெளிப்புறம் வளைந்தோ செய்யப்பட்ட கேரியர்கள் இப்போது கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதலாயினும், முட்டல் உள்ள வண்டிக்கு அவையே முறையான தீர்வு.

காலிப்பரைப் பிரேமில் நிறுத்தும் போல்ட்டுகளிலேயே கேரியரின் காலையும் சேர்த்துப் பூட்டும் பழக்கம் மட்டும் எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெரும் விசையைத் தாங்கும் அப்போல்ட்டுகள், மூட்டையின் ஆட்டத்தையும் சுமந்து தளர்ந்தால், கழல்வது கேரியர் மட்டுமல்ல, பிரேக்கும்தான். கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் கட்டைகள் தேயத்தேய, சில காலிப்பர்களின் வெளிப்புறத்தில் உள்ள திருகைத் திருப்பி அவற்றைத் தட்டின் அருகே கொண்டுவர வேண்டியிருக்கிறது. கேரியரின் கால் அத்திருகை மறைத்து நின்றால், ஒவ்வொரு முறையும் கேரியரைக் கழற்ற நேரும், கழற்றச் சோம்பியவர் தேய்ந்த பிரேக்கோடு ஓட்டுவார். ஆலன் கீ நுழைந்து திரும்ப இடம் இருக்கிறதா என்று பொருத்தும்போதே பார்த்துவிடும் தொழிலாளி, வண்டி ஓட்டுபவரின் உயிரைப் பற்றி யோசித்தவர் ஆகிறார். எண்ணெய் பட்ட விரல் தட்டில் படாமல் வேலை செய்வதும், பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பதும் இதே அக்கறையின் பகுதிகள்.

பிரேமில் துளையே இல்லாத வண்டிகளில், உட்புறம் ரப்பர் ஒட்டிய கிளாம்புகளைத் தாங்கு குழாய்களில் மாட்டிக் கேரியரைப் பூட்டுகின்றனர். இரும்பு பிரேமுக்கு இது போதும், கார்பன் பிரேமுக்குக் கூடாது. இருக்கைத் தண்டில் மட்டும் தொங்கும் கேரியரோ பத்துக் கிலோவுக்கு உட்பட்ட சுமைக்கே உரியது.

இத்தனை கணக்கும் நிதானமும் கொண்ட இவ்வேலைக்குத் தனிக்கூலி கேட்கும் வழக்கம் பல கடைகளில் இல்லை. கேரியரை வாங்கினால் மாட்டித் தருவது விலையில் அடங்கியது என்ற பழைய கணக்கு, இரண்டு நட்டுகளை முடுக்கிய காலத்தோடு முடிந்திருக்க வேண்டியது. லேத்துக்குப் போய்வரும் நேரமும், புஷ்ஷின் செலவும், சோதித்துப் பார்க்கும் பொறுமையும் கூலியாகக் கணக்கிடப்படாதவரை, வாஷர் அடுக்கும் அவசர வேலையே கடைக்குக் கட்டுப்படியாகும் வேலையாக இருக்கும். வண்டி உற்பத்தியாளர்களும் பின்பகுதியில் மரையுள்ள துளைகளைக் காலிப்பருக்கு விலகிய இடத்தில் வைத்தாலே இச்சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

“என்ன வெயிட்டு ஏத்துவீங்க?” என்று தொழிலாளி கேட்கும்போது, வாடிக்கையாளர் கூச்சமின்றி உண்மையான எடையைச் சொல்ல வேண்டும், கேரியரின் வகை அந்த விடையைப் பொறுத்தே தேர்ந்தெடுக்கப்படுகிறது. புதிதாகப் பூட்டிய போல்ட்டுகள் முதல் சில நாள் ஓட்டத்தில் தளர்வது இயல்பு என்பதால், ஒரு வாரத்துக்குள் வண்டியை அதே கடைக்குக் கொண்டுசென்று அவற்றை மீண்டும் முடுக்கிக்கொள்ள வேண்டும்.