உண்ண மறுத்த சிற்றுயிர்



இந்த வாரம் ஒரு சிலந்தியைக் குறித்து எழுதுகிறேன். நீதிமொழிகளின் முப்பதாம் அதிகாரம் சிறியவையாயிருந்தும் ஞானமுள்ளவை என எண்ணும் நான்கில், நம் பழைய மொழிபெயர்ப்பின்படி சிலந்தியும் ஒன்று. ஆகவே நீங்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் சகோதரி ஒருவர் நம் சபையில் இருக்கிறார். அவருடைய கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின், பதின்மூன்று வயது மகன் பேச்சையும் உணவையும் ஏறக்குறைய விட்டுவிட்டான். கடந்த மே மாதத்தில், பருவமழைக்கு முன்பாக நிழல் மரங்களைக் கவாத்து செய்தபோது, வெட்டுண்ட கிளையின் பொந்திலிருந்து ஒரு சிலந்திக் குஞ்சு ஓடி வந்தது. கால்களை விரித்தால் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே இருக்கும். பையனின் தாய்மாமன் அதை ஊறுகாய்ப் பாட்டிலில் இட்டு, மருமகனின் முகம் சற்றே மலரட்டும் என்று கொண்டுவந்து கொடுத்தார்.

முகம் மலரத்தான் செய்தது. மூடியில் துளையிட்டான், மரப்பட்டைத் துண்டு வைத்தான், சிறு பூச்சிகளைப் பிடித்துப் போட்டான். மூன்றாவது வாரத்தில் சிலந்தி உண்பதை நிறுத்திவிட்டது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“ஐயா, இதுக்காக ஜெபம் பண்ணுவீங்களா? ஒன்பது நாளா ஒண்ணும் திங்கல.”

மூன்று மாதங்களில் அவன் என்னிடம் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான். ஜெபித்தேன். பிறகு விலங்கியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மேற்குத்தொடர்ச்சி மலையின் மரப்பொந்துகளில் வாழும் டாரன்டுலா வகையாக இருக்கலாம் என்றார். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும், கையால் தொடக் கூடாது என்று எச்சரித்தார். வயிறு சுருங்கியிருக்கிறதா, புடைத்திருக்கிறதா என்று கேட்டார். புடைத்துக் கருத்திருந்தது. பாட்டிலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். உயிருள்ள சில்வண்டுகள் இரண்டு இருந்தன.

“முதலில் அவற்றை வெளியே எடுங்கள்” என்றார்.

வளரும் சிலந்தி தன் பழைய தோலைக் கழற்றுவதற்கு முன் உண்ணாது. அப்போது அது நோயுற்றிருப்பதில்லை. உள்ளே புதிய உடல் உருவாகிக்கொண்டிருக்கிறது. தோலுரிக்கும் வேளையில் உடல் முழுவதும் மென்மையாக இருப்பதால், இரையென நாம் விட்ட சில்வண்டே அதைக் கடித்துக் கொன்றுவிடக்கூடும். தேவை தண்ணீர்தான். சிலந்தி தன் கால்களை நீட்டுவது உடல் திரவத்தின் அழுத்தத்தினால். நீர் வற்றினால் கால்கள் உள்மடிந்துவிடும். ஆகையால் சிறு மூடியில் தண்ணீர், சிறிது ஈரம், இருட்டு, அமைதி இவை போதும் என்றார்.

ஐந்தாம் நாள் அதிகாலையில் சகோதரி தொலைபேசியில் அழைத்தார். சிலந்தி மல்லாந்து கிடக்கிறது, பையன் அழுகிறான் என்றார். அடக்கம் செய்துவிடச் சொல்ல இருந்தேன்; நல்லவேளையாக நண்பரைக் கேட்டேன். சாகும் சிலந்தி பெரும்பாலும் கால்களை உள்ளே மடக்கிக்கொள்ளும், மல்லாந்து கிடப்பது தோலுரிப்பதற்காகவே என்றார். நண்பகலுக்குள் பழைய தோல் ஒருபுறமும், வெளிறிய புதிய சிலந்தி மறுபுறமுமாக இருந்தன. நச்சுப்பற்கள் வெண்மையாயிருந்தன, அவை கறுத்து இறுகும்வரை உணவு கொடுக்கக் கூடாது. ஒரு வாரம் சென்றபின் கொன்ற சிறு சில்வண்டு ஒன்றை மாலையில் வைத்தோம். காலையில் அது அங்கே இல்லை.

பிரியமானவர்களே, அந்த ஐந்து நாட்களும் எனக்கு உறக்கமில்லை. காரணம் சிலந்தி அல்ல. அந்த வீட்டிற்கு மூன்று மாதங்களாக நான் சென்ற ஒவ்வொரு முறையும், அந்தப் பிள்ளைக்கு முன் ஒரு வசனத்தை வைத்தேன். ஓர் அறிவுரையை வைத்தேன். “இனி நீதானே வீட்டுக்கு ஆண்பிள்ளை, நீ சாப்பிட்டால்தானே அம்மாவுக்குத் தைரியம்” என்றேன். வசனம் நல்ல ஆகாரமே. ஆனால் தோலுரிந்து நின்ற பிள்ளைக்கு என் சொற்கள் சில்வண்டுகளைப் போல இருந்தன. அவன் உண்ணவில்லை, என் சொற்களோ அவனைக் கடித்தன.

எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தனக்குச் சாவு வேண்டும் என்று கேட்டுப் படுத்துக்கொண்டதை 1 இராஜாக்கள் 19-இல் வாசிக்கிறோம். தேவன் அங்கே அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் தட்டி எழுப்பினான். அடையும் தண்ணீரும் வைத்திருந்தான். எலியா உண்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் அவனை உறங்கவிட்டு, இரண்டாம் முறை வந்தான். தேவன் அவனிடம் கேள்வி கேட்டது நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்த பின்னரே. வேதாகமக் கல்லூரியில் இப்பகுதியைப் படித்தேன்; பலமுறை பிரசங்கித்தும் இருக்கிறேன். அந்த உறக்கத்தின் அருமையை ஊறுகாய்ப் பாட்டிலின் முன்தான் கற்றேன்.

அதன்பின் அவ்வீட்டிற்கு நான் வெறுங்கையோடு சென்றேன். அவனோடு அமர்ந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை அவனாகவே தகப்பனாரைப் பற்றிப் பேசினான். அன்று இரவு அவன் கஞ்சி குடித்தான் என்று தாயார் சொன்னார். இன்றும் சில நாட்கள் தட்டைத் தள்ளிவிடுகிறான். நாங்கள் காத்திருக்கிறோம்.

சிலந்தியை ஜூலையில் திருப்பி அனுப்பினோம். ஆந்திரத்தின் கூட்டியில் கண்டெடுக்கப்பட்டு 1899-இல் விவரிக்கப்பட்ட நீலச் சிலந்தியும், ராமேஸ்வரத்திலிருந்து 2004-இல் பெயரிடப்பட்ட சிலந்தியும் இந்த மரச்சிலந்திகளின் இனத்தவை. வளர்ப்பதற்காகப் பிடித்து விற்பதனாலும் காடு குறைவதனாலும் இவ்வினத்திற்கு ஆபத்து நேர்ந்ததால், 2019-இல் சைட்டிஸ் உடன்படிக்கை இதன் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. வீட்டில் வைத்துக்கொள்வது முறையல்ல என்று நண்பர் சொன்னதைப் பையன் ஏற்றுக்கொண்டான். மாமன் அதே மரத்தின் மற்றொரு பொந்தருகே பாட்டிலைச் சாய்த்துத் திறந்தார்.

“அங்க அது சாப்பிடுமா ஐயா?” என்று கேட்டான்.

“அதைப் படைத்தவர் அங்கேயும் இருக்கிறார், தம்பி” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உண்ணாமல் இருக்கும் ஒருவரை இந்த வாரம் சென்று பாருங்கள். அவர் அருகில் தண்ணீர் இருக்கிறதா என்று கவனியுங்கள். சற்று நேரம் அமர்ந்திருங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் யாவரோடும் இருப்பாராக. ஆமென்.