அப்பாவின் பிக்-அப்... அம்மாவின் பேச்சு... நடுவில் ஒரு பல்சக்கரம்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில், லபக் நகரையும் அமரில்லோ நகரையும் இணைக்கிறது ஐ-27 நெடுஞ்சாலை. ஏறக்குறைய 120 மைல். மேடு பள்ளம் அதிகமில்லாத சமவெளி. வழியெல்லாம் பருத்தியும் சோளமும்தான்.

அந்தச் சாலையில் மாதம் இருமுறை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறார் ஒரு மகன். ஐம்பது வயதைத் தாண்டியவர். வண்டி, மறைந்த அப்பா விட்டுச்சென்ற 1970 மாடல் செவர்லே சி-10 பிக்-அப். வீட்டில் கார் இருக்கிறது. ஆனால், அம்மா ஏறுவது இதில் மட்டும்தான்.

70 மைல் வேகத்தைத் தொட்டால் இன்ஜின் கத்தத் தொடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஒருமுறை பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அம்மா ஏதோ சொன்னார். "என்னம்மா?" என்று மூன்று முறை கேட்டார் மகன். "ஒண்ணுமில்லப்பா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் அம்மா.

மறுநாளே வண்டி மெக்கானிக்கிடம் போனது. அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் பகுதியைக் காட்டினார். "சத்தத்துக்குக் காரணம் இங்கே இருக்கு."

அதற்குள் இரண்டு பல்சக்கரங்கள். சின்னது பினியன், பெரியது கிரவுன். பினியனில் 9 பல், கிரவுனில் 37 பல் என்றால் விகிதம் 4.11. அதாவது, சக்கரம் ஒரு சுற்று சுற்ற, இன்ஜினிலிருந்து வரும் தண்டு 4.11 சுற்று சுற்ற வேண்டும். கியர் சைக்கிளில் மேடு ஏறுகிற மாதிரிதான். மிதிப்பது சுலபம், ஆனால் கால் வேகமாகச் சுற்ற வேண்டும்.

அப்பா இதை யோசிக்காமல் வாங்கவில்லை. அறுவடைக் காலத்தில் பருத்தி ஏற்றிய டிரெய்லரை இதில்தான் ஜின்னிங் ஆலைக்கு இழுத்துப்போவார். பாரத்துக்கு 4.11 சரி. இப்போது நிலம் குத்தகையில் இருக்கிறது. டிரெய்லர் துருப்பிடித்துக் கிடக்கிறது.

மெக்கானிக் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். வேகத்தை விகிதத்தால் பெருக்கி, மறுபடி 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் வகுத்தால், டாப் கியரில் இன்ஜினின் ஆர்.பி.எம் வந்துவிடும். வேகம் மைலில், டயர் அங்குலத்தில். இந்த வண்டிக்கு 28 அங்குல டயர். 70 மைல் வேகத்தில், 4.11 என்றால் சுமார் 3,450 சுற்று. 3.73 போட்டால் 3,130. 3.08 போட்டால் 2,590.

"ஆனா, சும்மா கிடைக்காது. 3.08-க்கு மாறினா சத்தம் குறையிற மாதிரியே இழுவையிலும் நாலில் ஒரு பங்கு போயிடும்" என்றார்.

அப்படியானால் வண்டி கிளம்பத் திணறாதா? அச்சு விகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது, முதல் கியரோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். அப்பாவின் நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் 6.55. அதை 3.08-ஆல் பெருக்கினாலே 20-ஐத் தாண்டுகிறது. தாராளம்.

இன்னொரு வழியும் இருந்தது. ஓவர்டிரைவ் உள்ள கியர் பெட்டியை மாட்டினால், 4.11 அப்படியே இருக்க, நெடுஞ்சாலையில் மட்டும் சுற்று குறையும். மலைப்பாதைக்கும் பாரத்துக்கும் அதுதான் நல்லது. செலவு அதிகம். அதைவிட, அப்பாவின் கை பட்டுத் தேய்ந்துபோன கியர் ராடைக் கழற்ற வேண்டும். மகனுக்கு மனசு வரவில்லை.

"3.08 போட்டுடுங்க."

சக்கரத்தை மாற்றினால் மட்டும் போதாது. 4.11-க்கான கேரியரில் 3.08 உட்காராது, அதையும் மாற்றினார்கள். பற்களுக்கு இடையிலான இடைவெளியை ஷிம் வைத்துச் சரிசெய்தார்கள். பல்லில் சாயம் தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்தார்கள். ஸ்பீடோமீட்டருக்கான சின்ன கியரும் மாறியது. அதை விட்டிருந்தால், 70-இல் போகும்போது முள் 52-ஐக் காட்டும். போலீஸ் நிறுத்தும்போதுதான் உண்மை தெரியும்!

பழைய 4.11 செட்டை என்ன செய்வது? "தூக்கிப் போட்டுடாதே. அவர் வாங்கினது" என்றார் அம்மா. கிரீஸ் தடவி, துணியில் சுற்றி ஷெட்டில் வைத்தார் மகன்.

முதல் சில நூறு மைல்கள் நிதானமாக ஓட்டிப் பழக்கியபின், மீண்டும் ஐ-27. எதிர்க்காற்று பலமாக அடித்தபோது டாப் கியரில் வண்டி சற்றுச் சோர்ந்தது. மூன்றாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது. காற்று தணிந்ததும் மறுபடி டாப். 70 மைல். இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு என்ன சொன்னேன்னு கேட்டியே..." என்றார் அம்மா, சாதாரணக் குரலில்.

"ஆமாம்மா."

"பயமா இருக்குன்னு சொன்னேன்."

கொஞ்ச தூரம் மகன் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார். "இப்பவும் இருக்காம்மா?"

"இருக்கு. ஆனா, பேசிக்கிட்டே போறோமே... பரவாயில்லை."